வெங்காயச் சத்தும் குடலின் கூட்டுறவும்

அண்மையில் செட்டிகுளம் பகுதியில் ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். அங்கே பட்டறையில் சின்ன வெங்காயத்தை இருப்பு வைத்திருந்த அங்கத்தினர் ஒருவர் ஒரு புட்டியைக் காட்டினார். வெங்காயத்திலிருந்து பிரித்தெடுத்த சத்துத் தூள் என்று அதை விற்றிருக்கிறார்கள். “ஐயா, இதில் ஒரு கரண்டி ஒரு கூடை வெங்காயத்துக்குச் சமமாம். அப்படியானால் நாங்கள் விளைவிப்பதை உண்பதில் பயன் ஏதும் இல்லையா?” என்று கேட்டார். விலை வீழ்ந்திருந்த நேரம் அது. ஒரு மூட்டைக்கு அவர் பெற்ற தொகையைக் காட்டிலும் அப்புட்டியின் விலை அதிகம். அவருக்குக் கூறிய விடை அனைவருக்கும் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறேன்.

வெங்காயத்தில் குறிப்பிடத்தக்க பொருள்கள் இரண்டு உண்டு. ஒன்று குவர்செட்டின். இது வெங்காயத்தில் பெரும்பாலும் தனித்து இராமல் சர்க்கரையுடன் இணைந்திருக்கும். மற்றொன்று பிரக்டான் என்னும் கூட்டுச் சர்க்கரை. ஜயங்கொண்டம் பக்கத்து நெசவாளர்கள் பாவுக்குப் போடும் கஞ்சியை அறிவார்கள். அக்கஞ்சியிலுள்ள மாவுச்சத்து, சிறு சர்க்கரைகள் சங்கிலியாகக் கோத்த ஒரு பொருளே. பிரக்டானும் அத்தகைய சங்கிலிதான். ஆனால் மாவுச்சத்தை நம் சிறுகுடல் வெட்டிச் செரித்துவிடும். பிரக்டானை வெட்டும் நொதி நம்மிடம் இல்லை. அது செரியாமலே பெருங்குடலை அடைகிறது.

உண்ட பொருள் யாவும் உடலில் சேர்ந்துவிடுமா? 1995இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள், பெருங்குடல் நீக்கப்பெற்ற 9 பேரிடம் இதனைச் சோதித்தார்கள். வெங்காயமாக உண்டபோது குவர்செட்டினில் சுமார் 52 விழுக்காடு உட்கவரப்பட்டது. தனியே பிரித்த தூய குவர்செட்டினில் 24 விழுக்காடும், ருட்டின் என்ற வேறொரு சர்க்கரை இணைப்பில் 17 விழுக்காடுமே உட்கவரப்பட்டன. ஆகவே எவ்வளவு விழுங்கினோம் என்பது மட்டும் கணக்கன்று; எவ்வடிவில் விழுங்கினோம் என்பதும் கணக்கே.

சிறுகுடலில் மிஞ்சியவை பெருங்குடலுக்குச் செல்கின்றன. அங்கே நுண்ணுயிர்கள் பெருந்தொகையாக வாழ்கின்றன. மனித உடலில் அவை ஏறத்தாழ 38 இலட்சம் கோடி என்பது 2016இல் வெளியான மதிப்பீடு. ஒரு சாரார் பிரக்டான் சங்கிலியை வெட்டிப் புளிக்கச் செய்கின்றனர். அவர்கள் விட்ட பொருளை மற்றொரு சாரார் எடுத்துப் பியூட்டிரிக் அமிலமாக்குகின்றனர். அவ்வமிலம் பெருங்குடற் சுவருக்கு உணவாகிறது. இதுவும் ஒருவகைக் கூட்டுறவே. இந்நுண்ணுயிர்களே ருட்டின் போன்றவற்றின் சர்க்கரையையும் கழற்றுகின்றன. சில வேளைகளில் குவர்செட்டினையே சிதைத்தும் விடுகின்றன. எலிகளுக்குப் பிரக்டான் வகைச் சர்க்கரையை உடன் அளித்தபோது குவர்செட்டின் கூடுதலாக உட்கவரப்பட்டது. எலிகளிடம் கண்டதை மனிதருக்கு அப்படியே ஏற்றிச் சொல்லலாகாது.

நம் நாட்டு மருந்திலும் இதற்குச் சான்று உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பன்னெடுங்காலமாக ஏற்றுமதியாகும் நிலாவாரை இலையின் சென்னோசைடுகள், வயிற்றிலோ சிறுகுடலிலோ வேலை செய்வதில்லை. பெருங்குடல் நுண்ணுயிர்கள் அவற்றின் சர்க்கரையை நீக்கி மாற்றிய பின்னரே பேதியாகும். இரவில் உண்ட சூரணம் காலையில் பலன் தருவதன் காரணம் இதுவே.

கூட்டுச் சர்க்கரை எப்போதும் துணை செய்யும் என்றும் எண்ணலாகாது. இசப்கோல் உமி நீரில் கூழாகி, உடன் உண்ட சில மருந்துகள் உட்கவரப்படுவதைத் தாமதப்படுத்தும். ஆகவே அதற்கும் பிற மருந்துகளுக்கும் இடையே நேரம் விட வேண்டும். பிரக்டான் சிலருக்கு வாயுவையும் வயிற்று உப்புசத்தையும் தரும். அவர்கள் வெங்காயத்தின் அளவைக் குறைத்துக்கொள்வது நலம்.

இனி நம் அங்கத்தினருக்கு விடை. புட்டியின் மேல் எழுதிய எடையைக் கண்டு மயங்க வேண்டாம். தூளாக்கும்போது பிரக்டான் நீக்கப்பட்டதா, குவர்செட்டின் எவ்வடிவில் உள்ளது என்று விற்பவரைக் கேளுங்கள். விடை கிடைக்காவிடில் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயத்தின் வெளிச்சுற்றுகளில் குவர்செட்டின் மிகுதி. ஆதலால் காய்ந்த தோலை மட்டும் நீக்குங்கள். வேகவைத்த நீரில் அது கரைந்து இறங்கும். அந்நீரைக் கொட்டாமல் குழம்பிலேயே சேருங்கள். வெங்காயம் உணவேயன்றி, மருத்துவர் தந்த மருந்துக்கு மாற்றன்று. அந்த வரம்புக்குள், அங்கத்தினரின் பட்டறையில் கிடப்பது அவர் வாங்கிய புட்டிக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.