பயத்தினால் வரும் ஈரம் அல்ல: பெண்பிள்ளைகளின் இரட்டைச் சிறுநீர்க்குழாயும் ரோபோ சத்திரசிகிச்சையும்

வேளைக்கு வேளை ஒழுங்காகச் சிறுநீர் கழிக்கிறாள். பாடசாலையிலும் கேட்டுக்கொண்டு எழுந்து போகிறாள். ஆனாலும் உள்ளாடை எந்த நேரமும் ஈரமாகவே இருக்கிறது. இப்படி ஒரு பெண்பிள்ளை உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ இருந்தால், அவளைத் திட்டுவதற்கு முன் இதை வாசியுங்கள்.

நான் மாத்தளையில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். இந்த நோயை முதன்முதலில் அருகிலிருந்து பார்த்தது என் அக்காவின் மகளிடம்தான். அக்காவின் கணவர் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனது. 2009 இல் எல்லோரும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து, அடுத்த வருடம் எங்களிடம் மாத்தளைக்கு வந்தார்கள். மகளுக்கு அப்போது ஆறு வயது. பழைய துணியை மடித்து வைத்துத்தான் நடமாடுவாள். கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: “செல்லடியில பயந்த பிள்ளை, போகப் போகச் சரியாயிடும்.”

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. போரைக் கண்ட பிள்ளைகள் பலர் படுக்கையை நனைத்தார்கள். ஆனால் பயத்தினால் நனைக்கும் பிள்ளைக்கு நடுவே உலர்ந்த நேரங்களும் இருக்கும். இவளுக்கு அப்படி ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை. அக்காவிடம் எப்போது தொடங்கியது என்று கேட்டேன். “பொறந்ததிலிருந்தே இப்படித்தான். ஒரு நாளும் காய்ஞ்சு இருந்ததில்ல” என்றாள். அப்படியானால் செல்லடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சாதாரணமாக ஒரு சிறுநீரகத்திலிருந்து ஒரு குழாய் இறங்கிச் சிறுநீர்ப்பைக்குள் சேரும். கரு உருவாகி ஐந்தாவது வாரமளவில் இந்தக் குழாயின் மொட்டு முளைக்கிறது. அது இரண்டாகப் பிரிந்தாலோ, ஒன்றுக்குப் பதிலாக இரண்டு முளைத்தாலோ, அந்தப் பக்கச் சிறுநீரகம் மேல்பாதி, கீழ்பாதி என்று தனித்தனி வடிகாலுடன் வளரும். ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கிறது. பெரும்பாலானோர் தெரியாமலேயே வாழ்ந்து முடிக்கிறார்கள். அவர்களுக்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் “இரட்டைச் சிறுநீரகம்” என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம்.

சிக்கல் குழாய் சென்று முடியும் இடத்தில்தான். குழாய்கள் இரண்டும் முற்றாகத் தனித்தனியே இறங்கும்போது, மேல்பாதியின் குழாய் கீழே தாழ்ந்து திறக்கும் என்பதை ஜேர்மனியரான கார்ல் வைகர்ட் 1877 இலும் றொபேர்ட் மேயர் 1907 இலும் விளக்கினார்கள். அது சில வேளைகளில் அடைபட்டுச் சிறுநீர்ப்பைக்குள் பலூன் போல வீங்கும். கீழ்பாதியின் குழாயிலோ சிறுநீர் பின்னோக்கி ஏறும். இரண்டிலும் கிருமி தொற்றிக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும். சிறுநீரகத்தில் தழும்பு விழும். பெண்பிள்ளைகளில் அந்தத் தாழ்ந்த குழாய் சிறுநீர்ப்பையைத் தாண்டி, சிறுநீரை அடக்கும் தசைக்கும் கீழே, சிறுநீர் வழியிலோ யோனியிலோ திறந்துவிடலாம். லயத்துப் பீலிக்கு வரும் பைப்பில் திருகிக்கு அப்பால் இன்னொரு பைப்பைப் பொருத்தியது போல. திருகியை எவ்வளவு இறுக்கினாலும் சொட்டுவது நிற்காது. ஆண்பிள்ளைகளில் அது எப்போதும் அந்தத் தசைக்கு மேலேயே திறப்பதால் இந்த ஓயாத ஒழுக்கு வராது.

ஒழுகும் மேல்பாதி பல நேரங்களில் சுருங்கிய சிறு துண்டாக இருக்கும். அதனால் சாதாரண ஸ்கேனில் “சிறுநீரகம் நன்றாக இருக்கிறது” என்று வந்துவிடும். என் மகளுக்கும் (சித்திக்கும் அவள் மகள்தானே) முதல் ஸ்கேன் அப்படித்தான் வந்தது. கதையை முழுதாகக் கேட்ட ஒரு வைத்தியர்தான் விடாமல் மேலும் படம் எடுக்க அனுப்பினார். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அந்தத் துண்டைக் காட்டும். அது வேலை செய்கிறதா என்பதை அணுமருத்துவ ஸ்கேன் சொல்லும். கண்டியில் திறந்த சத்திரசிகிச்சை செய்து அந்த மேல்துண்டையும் அதன் குழாயையும் எடுத்தார்கள். விலாவுக்குக் கீழே நீளமான தழும்பு. ஆனால் கத்தீற்றரைக் கழற்றிய நாளிலிருந்து உலர்ந்துவிட்டாள்.

இதே வேலையை இன்று வெளிநாடுகளில் ரோபோவின் உதவியுடன் செய்கிறார்கள். ரோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை. வைத்தியர் சற்றுத் தள்ளி ஒரு மேசையில் அமர்ந்து, பெரிதாக்கிய முப்பரிமாணப் படத்தைப் பார்த்துக் கைப்பிடிகளை அசைக்கிறார். பிள்ளையின் வயிற்றில் சென்ரிமீற்றருக்கும் குறைந்த துளைகள் வழியே சென்ற கருவிகள் அதே அசைவைச் சிறிதாக்கிச் செய்கின்றன. கருவியின் நுனி மனித மணிக்கட்டைப் போல மடங்கும்; கைநடுக்கம் உள்ளே போகாது. மேல்பாதி வேலை செய்தால் அதை எடுக்காமல், அதன் குழாயைக் கீழ்பாதியின் குழாயோடு தைத்து இணைக்கலாம். அந்த நுண்ணிய தையலில்தான் இந்த இயந்திரம் நன்றாகக் கைகொடுக்கிறது. வலி குறைவு, வீடு திரும்புவதும் விரைவு.

இந்த இயந்திரத்துக்கும் ஒரு போர்க்கதை உண்டு. களத்தில் காயப்பட்ட சிப்பாய்க்குத் தொலைவிலிருந்தே சத்திரசிகிச்சை செய்யலாமா என்று அமெரிக்க இராணுவப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி அதன் வேர்களில் ஒன்று. டாவின்சி என்ற இயந்திரம் 2000 ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒன்பது ஆண்டுகள் கழித்து முள்ளிவாய்க்காலில் மயக்கமருந்துகூடப் போதாமல் நம் வைத்தியர்கள் அவயவங்களை அகற்றிக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்நாட்டில் சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையில் 2022 இல் ரோபோ வந்தது. அதைக் கேள்விப்பட்டு, கடன் வாங்கியாவது கடல் கடக்க வேண்டுமா என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அவசியமில்லை என்பதே என் எண்ணம். கருவிகள் பெரியவர்களின் உடலுக்கென்றே முதலில் செய்யப்பட்டவை. கைக்குழந்தையின் வயிற்றில் இடம் போதாது. செலவும் அதிகம். ஒழுக்கு நிற்பதும் சிறுநீரகம் தப்புவதும் திறந்த முறையிலும் ஏறக்குறைய அதே அளவுதான். தழும்பு பெரிது, வலி சில நாள் கூட, அவ்வளவே. நம் பிள்ளைகள் இழப்பது நோய் இன்னதென்று கண்டுபிடிக்காமல் போகும் வருடங்களைத்தான்.

மாத்தளையிலிருந்து பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும்; சிகிச்சை இலவசம். வடக்கில் இருப்பவர்கள் பக்கத்து அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் சிறுவர் சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். போவதற்கு முன் இரண்டு நாள், பிள்ளை எத்தனை தடவை சிறுநீர் கழித்தாள், கழித்து எவ்வளவு நேரத்தில் துணி மறுபடி நனைந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். “படுக்கையில் போகிறாள்” என்று சொல்லாதீர்கள். “பிறந்ததிலிருந்து பகலும் இரவும் ஓயாமல் சொட்டுகிறது, அதோடு ஒழுங்காகவும் போகிறாள்” என்று சொல்லுங்கள்.