மொழியின் பணபலம்: தமிழின் பங்கு எங்கே குறைகிறது?

நார்வேயின் மக்கள்தொகை சுமார் 55 லட்சம். வங்கதேசத்தில் 17 கோடிப் பேர் வாழ்கிறார்கள். ஆனால் 2023-இல் நார்வேயின் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஏறக்குறைய 48,500 கோடி டாலர், வங்கதேசத்துடையது 43,700 கோடிதான். தலைகளை எண்ணாமல் பணத்தை எண்ணினால் உலக மொழிகளின் வரிசை மாறிவிடுகிறது.

யூனிகோட் அமைப்பின் மார்க் டேவிஸ் 2003-இல் மொழிவாரியாக இப்படி ஒரு கணக்கை வெளியிட்டார். எந்த மொழியில் மென்பொருளைக் கொண்டுவந்தால் வாங்க ஆளிருக்கும் என்று யோசிக்கும் நிறுவனங்களுக்கு இது பயன்படும். 2016-இல் கை சான் என்பவர் உருவாக்கிய மொழி வலிமைக் குறியீட்டில் பொருளாதாரம் ஓர் அளவுகோல் மட்டுமே. அதில் ஆங்கிலமும் மாண்டரினும் பிரெஞ்சும் முதல் மூன்று இடங்களைப் பிடித்தன.

இத்தகைய கணக்கின் வழக்கமான முறை எளிது. ஒரு நாட்டின் உற்பத்தியை, அங்கு ஒவ்வொரு மொழியையும் பேசுவோரின் விகிதப்படி பிரித்துக் கொடுப்பார்கள். ஒரே மொழி பேசும் ஜப்பானுக்கு இது பொருந்தும். இந்தியாவுக்குப் பொருந்தாது.

2011 கணக்கெடுப்புப்படி தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இந்தியாவில் 5.7 சதவீதம். நாட்டின் உற்பத்தி சுமார் 3.5 லட்சம் கோடி டாலர் என்று வைத்துக்கொண்டால், தமிழின் பங்கு 20,000 கோடி டாலர். ஆனால் தமிழ்நாட்டின் உற்பத்தி மட்டுமே 2023-24-இல் 27 லட்சம் கோடி ரூபாய், அதாவது 32,000 கோடி டாலருக்கு மேல். மாநிலத்தில் தமிழ் பேசுவோர் 88 சதவீதம் என்பதைக் கணக்கில் கொண்டாலும் 28,000 கோடி தேறும். பிற மாநிலத் தமிழர்களின் பங்கு இதில் சேரவில்லை. பீகாரில் இதற்கு நேர்மாறு: அங்குள்ள சராசரி வருமானம் தேசிய சராசரியைவிட மிகக் குறைவு என்பதால், அங்கு இந்தி பேசுவோரின் பங்கைச் சராசரி கூட்டிக் காட்டுகிறது.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. அங்கு தனிநபர் உற்பத்தி இந்தியாவைப் போல 30 மடங்குக்கு மேல். அதனால் அங்குள்ள ஒரு தமிழர் பட்டியலில் இந்தியாவின் முப்பது பேருக்குச் சமம். ஆனால் 2020 கணக்கெடுப்பில் அங்கு வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் 2.5 சதவீதம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. சென்னையின் மென்பொருள் நிறுவனம் ஈட்டும் டாலரைத் தமிழின் கணக்கில் எழுதுகிறோம். ஆனால் ஒப்பந்தம், மின்னஞ்சல், விலைப்பட்டியல் எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கின்றன. சம்பாதித்தவர் அதைச் செலவழிக்கும் மளிகைக் கடையிலும் நகைக் கடையிலும்தான் தமிழுக்கு வேலை. எனவே இந்தப் பட்டியல் காட்டுவது பேசுபவரின் வாங்கும் திறனை. அந்த மொழியில் நடக்கும் வணிகத்தை அல்ல.

மாநில உற்பத்தி ஆண்டுதோறும் வெளியாகிறது. மாநிலவாரி மொழிக் கணக்கும் அரசிடம் உண்டு. இரண்டையும் பொருத்தி இந்திய மொழிகளுக்குத் தனிப் பட்டியல் போடுவது ஒரு பல்கலைக்கழகப் பொருளியல் துறைக்குப் பெரிய வேலையில்லை. தமிழ்நாட்டிலிருந்தே அதைத் தொடங்கலாம்.