கொன்றாலும் சாகாத பணி

சங்கத்துப் பேரேடுகள் கம்ப்யூட்டருக்குள் குடியேறிய பின்னர் நம் குமாஸ்தாக்களுக்குப் புதுத் தொல்லையொன்று வாய்த்திருக்கிறது. கணக்கைப் பிரதியெடுக்கும் வேலையை ஏவிவிட்டு உட்கார்ந்தால், அது பாதியில் நின்றுவிடுகிறது. முன்னேயும் போவதில்லை, பின்னேயும் வருவதில்லை. முடித்துவிடு என்று கட்டளையிட்டாலும் முடிவதில்லை. அடுத்தபடியாகக் கை மின்விசையை நாடுவது இயல்பே. ஆனால் அன்றைய வரவுசெலவுப் பதிவு அந்த ஒரு விசையோடு போய்விடக்கூடும். ஆகையால் இந்நோயின் மூலத்தை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். லினக்ஸ் என்னும் இயக்க ஏற்பாட்டை வைத்து இதை விளக்குவோம். நோயின் குறிகளை அது ஒளிவின்றிக் காட்டுகிறது.

ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வேலையையும் லினக்ஸ் ஒரு 'பிராசஸ்' என்று கொண்டு அதற்கோர் எண் கொடுக்கிறது. 'கில்' என்னும் கட்டளை பெயரளவில்தான் கொல்வது. உண்மையில் அது ஓலை அனுப்புகிறது. சாதாரணமாகச் செல்வது 15-ஆம் எண் ஓலை. கையிலுள்ளதை ஒழுங்குசெய்துவிட்டுப் புறப்படு என்பது அதன் கருத்து. பிராசஸ் அதைப் பொருட்படுத்தாமலும் இருக்கலாம். 9-ஆம் எண் ஓலையோ மறுக்க முடியாதது. 'கர்னல்' எனப்படும் மையப் பகுதியே காரியத்தை முடித்துவிடும். அப்படியிருந்தும் சில பிராசஸ்கள் பிழைத்து நிற்பானேன்?

'பி.எஸ்.' என்ற கட்டளை இட்டால் பிராசஸ்களின் பட்டியல் வரும். அதில் நிலையைக் குறிக்கும் எழுத்தைக் கவனிக்க வேண்டும். 'இஸட்' என்றிருந்தால் அது முன்னமே இறந்துவிட்டது. செத்ததை மறுபடி கொல்வது எங்ஙனம்? அதைப் பெற்ற பிராசஸ் முடிவுக் கணக்கை வாங்கிக்கொள்ளாததால் பெயர் மட்டும் பட்டியலில் எஞ்சியிருக்கிறது. பெற்றதை முடித்துவிட்டால், 1-ஆம் எண் பிராசஸ் அதைச் சுவீகரித்து ஈமக்கடனைச் செய்துவிடும். இதனால் பெருங்கேடு ஏதுமில்லை.

ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தாகிய 'டி' நின்றால்தான் கவலை. அந்தப் பிராசஸ் கர்னலுக்குள் புகுந்து, வட்டிலிருந்தோ வேறு கருவியிலிருந்தோ பதில் வரும்வரை எழுப்பவொண்ணாத உறக்கத்தில் இருக்கிறது. நெசவாளருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாடா பாவின் நடுவே இருக்கும்போது அச்சை அடித்தால் என்ன ஆகும்? இழைகள் அறுந்து பாவே பாழாகும். நாடா அக்கரை சேரும்வரை கை பொறுத்தே ஆகவேண்டும். கர்னலும் அவ்வாறே பொறுக்கிறது. வட்டு ஒரு பிராசஸின் நினைவிடத்தில் தகவலைக் கொண்டுவந்து எழுதிக்கொண்டிருக்கையில் அதைக் கொன்று இடத்தை வேறொன்றுக்கு அளித்துவிட்டால், அடுத்ததன் கணக்கில் அந்நியத் தகவல் வந்து விழும். 9-ஆம் எண் ஓலை வாசலில் காத்திருக்கும். பதில் வந்து பிராசஸ் விழித்த கணமே நிறைவேறும். ஆகவே அதே ஓலையைப் பத்துமுறை அனுப்புவதால் பயனில்லை.

செய்யவேண்டியது, அது எதற்காகக் காத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதே. 'பி.எஸ்.' கட்டளையிலேயே 'டபிள்யூ-சான்' என்ற பத்தியைக் கேட்டால், கர்னலின் எவ்விடத்தில் அது நிற்கிறதென்று தெரியும். பெரும்பாலான யந்திரங்களில் 120 விநாடிக்கு மேல் இப்படி நிற்பதைக் கர்னல் தன் குறிப்பில் தானே எழுதியும் வைக்கிறது. இன்னுமோர் அடையாளம்: சுமையைக் காட்டும் எண் ஏறியிருக்கும், செயலியோ சும்மாயிருக்கும். 'டி' நிலையில் நிற்பனவற்றையும் லினக்ஸ் சுமையில் சேர்த்தெண்ணுவதே காரணம்.

வெளி வட்டு எனில் அதன் கம்பியையும் மின்சாரத்தையும் பாருங்கள். வேறோர் யந்திரத்தின் வட்டை வலை வழியே பாவிக்கும் 'என்.எப்.எஸ்.' ஏற்பாடு எனில், அந்த யந்திரம் உயிரோடிருக்கிறதா என்று பாருங்கள். ஸன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியார் 1984-இல் வெளியிட்ட இவ்வேற்பாடு, பதில் வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டேயிருக்கும் சுபாவமுடையது. மறுமுனை எழுந்தால் இம்முனையும் தானே எழும். 2008-இல் வந்த 2.6.25-ஆம் பதிப்பிலிருந்து இத்தகைய காத்திருப்புகள் பலவற்றை 9-ஆம் எண் ஓலையால் முடித்துவிடலாம். அதற்குத் தனியொரு நிலையையே கர்னலில் வகுத்தார்கள். மிகவும் போற்றத்தக்க சீர்திருத்தம் என்பது நம் கருத்து. எனினும் கருவியைக் கையாளும் நிரலிலேயே பிழையிருந்தால் அதுவும் உதவாது. விண்டோஸிலும் இக்கதைதான்.

வழியே இல்லையென்றால் யந்திரத்தை மறுபடி துவக்கலாம். துவக்கும் கட்டளையே தொங்கிப்போவதுண்டு. அப்போது ஆல்ட் விசையையும் 'ஸிஸ்-ரெக்' விசையையும் சேர்த்து அழுத்தி, எஸ், யு, பி ஆகிய எழுத்துக்களைச் சற்று இடைவிட்டு வரிசையாகத் தட்டவேண்டும். எழுதாமல் நின்ற தகவலை வட்டில் எழுது, வட்டைப் படிக்க மட்டுமே திற, மறுபடி துவங்கு என்பன முறையே அவற்றின் பொருள். தொங்கிய வட்டு பிழைக்காவிடினும் மற்ற வட்டுகள் பிழைக்கும். பல யந்திரங்களில் இவ்வசதியின் ஒரு பகுதி முடக்கப்பட்டிருப்பதால், நெருக்கடி வருமுன்பே காரியதரிசி விசாரித்து வைத்துக்கொள்ளட்டும். யந்திரம் எழுந்தவுடன் பேரேட்டின் கடைசிப் பதிவை ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையோடு ஒப்பிட்டுக்கொண்டு, பாதியில் நின்ற பிரதியை நீக்கிவிட்டுப் புதிதாக எடுக்கவேண்டும்.