பறவையின் மூதாதையும் ஒரு சிற்றெலும்பும்

எந்த மாநிலத்தில் குடியேறினாலும், காலையில் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்கும் வழக்கத்தைத் தமிழராகிய நாம் எளிதில் விடுவதில்லை. சோறு கொத்த வரும் அக்காக்கையின் நடையைச் சற்றே உற்று நோக்குவோம். முன்னோக்கிய மூன்று விரல்களை ஊன்றி, இரு கால்களால் அது நடக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன், இவ்வாறே மூன்று விரல்களை ஊன்றி இரு கால்களால் நடந்த டைனோசார்கள் இருந்தன. அவற்றைத் தெரோப்பாடுகள் என்பர். குஜராத்தில் எலும்புகள் கிடைத்து, 2003ஆம் ஆண்டில் ராஜசாரஸ் என்று பெயரிடப்பட்ட ஊனுண்ணி இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இவ்வினத்தின் ஒரு கிளையிலிருந்தே பறவைகள் தோன்றின என்பது இன்று விஞ்ஞானிகள் கண்ட முடிவு. ஆயினும், ஒரு சிற்றெலும்பின் பொருட்டு இம்முடிவு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. அவ்வரலாற்றையே ஈண்டுக் கூறப் புகுகிறோம்.

1861ஆம் ஆண்டில், ஜெர்மனியின் பவேரியாப் பகுதியிலுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் ஒரு விந்தையான உயிரின் எலும்புக்கூடு வெளிப்பட்டது. 15 கோடி ஆண்டுப் பழமையுடைய அதனை ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்று அழைத்தனர். அதற்கு இறகுகள் இருந்தன. அவ்வகையில் அது பறவை. பற்களும், நகமுள்ள கைவிரல்களும், எலும்பாலான நீண்ட வாலும் இருந்தன. அவ்வகையில் அது ஊர்வன. அதே நாட்டில் கிடைத்த காம்ப்சோக்னாதஸ் என்னும் சிறு டைனோசாரின் எலும்புகளோடு ஒப்பிட்டு நோக்கிய ஆங்கில அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லி, பறவைகளுக்கும் டைனோசார்களுக்கும் நெருங்கிய உறவு உண்டென 1868ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார்.

பின்னர் டென்மார்க்கைச் சேர்ந்த ஹெய்ல்மான் என்ற ஓவியர் இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டார். 1926ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்த அவரது நூல், ஒவ்வோர் எலும்பாக ஒப்பிட்டு, தெரோப்பாடுகளே பறவைகளை மிகுதியும் ஒத்திருப்பதைக் காட்டியது. ஆனால் ஒரு தடை குறுக்கிட்டது. தோளையும் மார்பையும் இணைக்கும் காறை எலும்புகள் இரண்டும் பறவைகளில் ஒன்றாகக் கூடி, கவட்டைக் குச்சி போன்ற வடிவம் பெற்றுள்ளன. டைனோசார்களிலோ காறை எலும்பே காணப்படவில்லை. இழந்த உறுப்பு வழித்தோன்றல்களில் மீண்டும் தோன்றாது என்பது அக்கால விதி. எனவே, பறவைகள் டைனோசார்களினும் பழைய ஊர்வனவற்றிலிருந்து வந்தவை என்று அவர் முடிவு கட்டினார். அறிஞர் உலகமும் அதனை ஏற்றது.

உண்மை என்ன? மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில் கிடைத்து, அந்நூலுக்கு இரண்டாண்டு முன்னதாக, 1924இல் விவரிக்கப்பட்ட ஓவிராப்டர் என்னும் தெரோப்பாட்டின் மார்பில் அக்கவட்டை எலும்பு இருந்தது! அதனை வேறோர் எலும்பென்று கருதிவிட்டனர். இன்றோ, டைரனோசாரஸ் உட்படப் பல தெரோப்பாடுகளில் அவ்வெலும்பு கண்டறியப்பட்டுள்ளது.

1964இல் அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் ஜான் ஆஸ்ட்ரம் கண்டெடுத்த டைனானிகஸ், மறுபடியும் அறிஞர் கருத்தைத் திருப்பியது. அதன் மணிக்கட்டில் பிறைவடிவான ஓர் எலும்பு இருந்தது. கையைப் பக்கவாட்டில் மடக்க அது துணைசெய்தது. பறவை சிறகை மடக்குவதும் அவ்வாறே. 1996இல் சீனாவின் லியாவ்னிங் மாநிலத்தில் கிடைத்த சைனோசாரப்டெரிக்ஸ் என்னும் சிறு டைனோசாரின் உடலில் மென்தூவி படிந்த சுவடே காணப்பட்டது. அதன் குறுங்கைகள் பறத்தற்கு உதவா. ஆகவே, தூவி பறப்பதற்கென்று தோன்றியதன்று. உடற்சூட்டைக் காக்கவோ, துணையைக் கவரவோ முதலில் பயன்பட்டு, பின்னரே பறத்தலுக்கு உதவியிருத்தல் வேண்டும்.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசார்கள் அழிந்தன என்கிறோம். ஒரு கிளை மட்டும் அவ்வழிவுக்குத் தப்பியது; 10,000க்கு மேற்பட்ட பறவையினங்களாக இன்றும் வாழ்கிறது. ஹெய்ல்மான் தருக்கத்தில் பிழை செய்தாரில்லை. கிடைக்கவில்லை என்பதை இல்லை என்று கொண்டதே வழியை மாற்றிவிட்டது. மண்ணுக்குள் இன்னும் தோண்டப்படாத பக்கங்கள் பல உள என்பதை ஆராய்வோர் என்றும் மறத்தலாகாது.