ஒரு பாக்டீரியா, ஒரு பாக்கெட், பல நூறு மேற்கோள்கள்

இந்த எபிசோடை மணப்பாட்டுல இருந்து பதிவு பண்றேன். கடல், தேரி மணல், பனைமரம். பயிர் நோயைப் பத்திப் பேச இதுவா இடம்னு நீங்க கேட்கலாம். ஆனா இதே தூத்துக்குடி மாவட்டத்துல, தாமிரபரணி தண்ணி பாயுற ஆத்தூர், ஏரல் பக்கம் போனா வெற்றிலைக் கொடிக்கால், வாழைத்தோட்டம், நெல் வயல் எல்லாம் இருக்கு. அங்கே வாடல் நோய் வந்தா ஒரு குடும்பத்தோட வருஷ வருமானமே போயிடும்.

போன வாரம் ஒரு கேள்வி வந்தது. "விஞ்ஞானிக்கு இத்தனை சைட்டேஷன்னு பெருமையா போடுறாங்களே, அதனால விவசாயிக்கு என்ன லாபம்?" நல்ல கேள்வி. இதுக்கு ஒரு தமிழ்நாட்டு உதாரணத்தை வெச்சே பதில் சொல்றேன்.

உரக்கடையில 'சூடோமோனாஸ்'னு ஒரு பவுடர் பாக்கெட் கிடைக்கும். அதுக்குள்ள இருக்கிறது உயிருள்ள பாக்டீரியா. முழுப்பேர் சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ். இது வேரைச் சுத்திக் குடியேறி, மண்ணுல இருக்கிற இரும்புச்சத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். நோய்ப் பூஞ்சைக்கு அது கிடைக்காது. பூஞ்சையைத் தடுக்கிற வேதிப்பொருள்களையும் சுரக்கும். மூணாவது வேலைதான் சுவாரசியம்: செடியோட சொந்த எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும். நமக்குத் தடுப்பூசி போடுற மாதிரின்னு வெச்சுக்கலாம். வேர்ல இது இருந்தா, இலையில வர்ற நோயையும் செடி சமாளிக்கும்.

கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல இதுக்காகப் பல வருஷம் உழைச்சாங்க. ஆய்வகத்துல பாக்டீரியாவைக் குழம்பா வளர்க்கலாம். ஆனா அதைக் குடத்துல ஊத்தி ஊர் ஊரா கொண்டுபோக முடியுமா? வித்யாசேகரனும் முத்தமிழனும் அதை டால்க் பவுடர்ல கலந்து, உலர்த்தி, சேமிச்சு வைக்கிற வழியை ஆராய்ஞ்சாங்க. கொண்டைக்கடலை வாடல் நோய்க்காகச் செய்த அந்த ஆய்வு, 1995-ல 'பிளான்ட் டிசீஸ்' பத்திரிகையில வந்தது. 2001-ல சாமியப்பன் குழு, நெல்லுல இலையுறைக் கருகல் நோய்க்கு எதிரா இந்தப் பாக்டீரியா எப்படி எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுதுன்னு எழுதினாங்க. அதே வருஷம் ராமமூர்த்தி, விஸ்வநாதன், சாமியப்பன் உள்ளிட்டவங்க, உலகம் முழுக்க இதைப் பத்தி வந்த ஆய்வுகளைத் திரட்டி 'க்ராப் ப்ரொடெக்ஷன்' பத்திரிகையில ஒரு ரிவ்யூ கட்டுரை எழுதினாங்க. பல நூறு கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருக்கு.

இப்ப சைட்டேஷனுக்கு வருவோம். கடல்ல பார் இருக்கிற இடத்துலதான் மீன் கூடும். ஒருத்தர் புதுசா ஒரு பாரைக் கண்டுபிடிச்சா, மத்த வள்ளங்களும் அந்தத் திசையில போகும். எத்தனை வள்ளம் போச்சுன்னு எண்ணுறதுதான் சைட்டேஷன். அந்த இடம் பயனுள்ளதுன்னு அதுல தெரியும். எத்தனை வீட்டுல குழம்பு கொதிச்சதுன்னு அதுல தெரியாது.

இப்படி எண்ணுறதை அமெரிக்காவோட யூஜின் கார்ஃபீல்ட் 1964-ல 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' மூலமா பெரிய அளவுல தொடங்கினார். 2005-ல ஹிர்ஷ்னு ஒரு இயற்பியலாளர் எச்-இண்டெக்ஸ் கொண்டுவந்தார். குறைஞ்சது பத்துப் பத்து மேற்கோள் வாங்கின கட்டுரை உங்களுக்குப் பத்து இருந்தா, உங்க எச்-இண்டெக்ஸ் 10. இம்பாக்ட் ஃபேக்டர்ங்கிறது வேற; அது பத்திரிகைக்குப் போடுற மார்க். முந்தைய இரண்டு வருஷக் கட்டுரைகளுக்கு இந்த வருஷம் சராசரியா எத்தனை மேற்கோள் வந்ததுன்னு பார்ப்பாங்க.

சிக்கல் இங்கேதான். வயல் ஆய்வுக்கு ஒரு போகம் முழுக்க ஆகும். அடுத்த போகத்துல, வேற ஊர் மண்ணுல திரும்பச் செய்து பார்க்கணும். இரண்டு வருஷக் கணக்கு அதோட வேகத்துக்கு ஒத்துவராது. ரிவ்யூ கட்டுரைக்குப் பொதுவா மேற்கோள் அதிகம் விழும். பாக்கெட்டுக்குள்ள பாக்டீரியா இன்னும் ஒரு மாசம் கூடுதலா உயிரோட இருக்க வழி தேடுறவருக்கு அவ்வளவு விழாது. விவசாயிக்குத் தேவை அந்த ஒரு மாசம். வேலை, பதவி உயர்வு எல்லாம் எண்ணிக்கையை வெச்சே முடிவானா, இளம் ஆய்வாளர் எந்தப் பக்கம் போவார்? அதனாலதான், பத்திரிகையோட மார்க்கை வெச்சுத் தனி விஞ்ஞானியை எடை போடாதீங்கன்னு 2012-ல சான் ஃபிரான்சிஸ்கோவில ஒரு பிரகடனமே எழுதினாங்க.

அதுக்காக சைட்டேஷனே வீண்னு சொல்ல வரலை. கோயம்புத்தூர்ல கண்டதை வேற நாட்டு ஆய்வகம் சோதிச்சுப் பார்க்குறதுக்கு அதுதான் பாதை. அந்த எண்ணோட இன்னும் இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்க: அந்தக் கட்டுரையை எதுக்காக மேற்கோள் காட்டினாங்க? கண்டுபிடிப்பு வயலுக்குப் போச்சா?

கடைசியா, வீட்டுல தோட்டம் வெச்சிருக்கிறவங்களுக்கு. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ்ங்கிறது வழக்கமான பரிந்துரை. ரசாயனப் பூஞ்சைக்கொல்லியோட கலக்காதீங்க, வெயில்ல வைக்காதீங்க. முக்கியமா, பாக்கெட்ல தேதியைப் பாருங்க. காலாவதியான பாக்கெட்ல மிஞ்சுறது வெறும் டால்க் பவுடரா இருக்கலாம். எவ்வளவு பெரிய கட்டுரையும் அந்த நேரத்துல செடியைக் காப்பாத்தாது.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.