கைக்குத் தெரிந்தது மோட்டாருக்குத் தெரியாது

மத்தியதரைக் கடலிலும் கரீபியத் தீவுகளிலும் 40 அடிப் பாய்மரப் படகுகளில் சுற்றுபவர்களில் ஓய்வுபெற்ற தம்பதிகள் கணிசமாக உண்டு. படகில் மூன்றாவது ஆள் இருக்க மாட்டார். ஒருவர் சுக்கானைப் பிடித்தால் பாயை ஏற்றுவது, இறக்குவது, இழுத்துக் கட்டுவது எல்லாம் மற்றவர் பாடு. வயது 60-ஐத் தாண்டியதும் தோள்மூட்டு முரண்டு பிடிக்கும். மின்சார வின்ச் வாங்கலாமா என்ற பேச்சும் கூடவே தொடங்கிவிடும். வாங்குவதில் சிக்கல் ஒன்றுமில்லை, பணம் இருந்தால் போதும். மாட்டும்போதுதான் இயற்பியல் குறுக்கே வந்து நிற்கிறது.

வின்ச் என்பது நம் மீன்பிடித் துறைமுகங்களில் எல்லோருக்கும் பழகிய சொல். காசிமேட்டு விசைப்படகுகளில் இழுவலையை இழுப்பது எஞ்சினோடு இணைந்த வின்ச்தான். அதன் உருளையில் கம்பிவடம் முழுவதும் சுருண்டு சேரும். பாய்மரப் படகின் வின்ச்சில் கயிறு சேர்வதில்லை. மேல்தளத்தில் நிமிர்ந்து நிற்கும் குட்டையான உருளையில் கயிறு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபக்கம் ஆளின் கைக்கு வந்துவிடும். அந்த மூன்று சுற்றில்தான் வித்தை இருக்கிறது.

மிரளும் காளையின் கயிற்றைக் கல்தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் சிறு பையன்கூட அதைப் பிடித்து நிறுத்திவிடுவான். இதற்குக் கணக்கு எழுதியவர்கள் 18ஆம் நூற்றாண்டின் லெயோன்ஹார்டு ஆய்லரும், 1808இல் அதைப் பொறியாளர்களின் கைக்குக் கொண்டுவந்த ஜெர்மானியர் ஐட்டல்வைனும். ஒவ்வொரு சுற்றும் பிடிப்பைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது. கயிற்றுக்கும் உருளைக்கும் இடையே உராய்வு எண் 0.2 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றில் கையின் பிடி மூன்றரை மடங்காகிறது. இரண்டு சுற்றில் 12 மடங்கு. மூன்று சுற்றில் 43 மடங்கு. மறுபக்கம் 400 கிலோ இழுத்தாலும் கை 10 கிலோ பிடித்தால் போதும். கை பிடியைத் தளர்த்தினால் இந்தப் பெருக்கலில் ஒரு பக்கம் பூஜ்யமாகிவிடும். உருளை சுற்றினாலும் கயிறு வழுக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிடிப்பது உராய்வின் வேலை என்றால் இழுப்பது பற்சக்கரங்களின் வேலை. முன்பாயை இழுக்கும் கயிற்றில் எவ்வளவு பளு வரும் என்பதற்குப் படகுக்காரர்களிடம் ஒரு தோராயச் சூத்திரம் உண்டு: பாயின் பரப்பைச் சதுர மீட்டரிலும் காற்றின் வேகத்தை நாட் (knot) கணக்கிலும் எடுத்து, வேகத்தை வர்க்கப்படுத்திப் பெருக்கி, 0.021ஆல் மறுபடி பெருக்கினால் கிலோ கணக்கு கிடைக்கும். 40 சதுர மீட்டர் பாய், 20 நாட் காற்று என்றால் ஏறத்தாழ 336 கிலோ. 40 என்று எண்ணிட்ட வின்ச்சில் 25 சென்டிமீட்டர்க் கைப்பிடி போட்டுச் சுற்றினால் விசை 40 மடங்காகும். அதாவது கணக்குப்படி எட்டரைக் கிலோ அழுத்தம் போதும். உராய்வில் போவதையும் சேர்த்தால் 12 கிலோவுக்கு மேல் ஆகிவிடும். 30 வயதில் இது ஒன்றுமில்லை. ஆனால் கரையை ஒட்டி எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து போகும் நாளில் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

பந்தயக்காரர்கள் இந்தச் சிக்கலைத் தசையாலேயே தீர்க்கப் பார்த்தார்கள். பாய்ப்படகுப் பந்தய விதிகளில் 52ஆம் விதி, பாயையும் கயிறுகளையும் மாலுமிகளின் உடல்பலத்தால் மட்டுமே இயக்க வேண்டும் என்கிறது. சில பந்தயங்கள் இதைத் தளர்த்துவது தனிக்கதை. 2017இல் பெர்முடாவில் நடந்த அமெரிக்கக் கோப்பையில் நியூசிலாந்து அணி, கைக்குப் பதில் காலை நம்பி மாலுமிகளைச் சைக்கிள் பெடலில் உட்கார வைத்துக் கோப்பையையும் தூக்கிக்கொண்டு போனது.

சுற்றுலாப் படகில் பெடலுக்கு இடமில்லை, மோட்டார்தான். இங்கே முதல் அடி மின்கம்பியில் விழுகிறது. வீட்டில் 1,500 வாட் கருவியை 230 வோல்ட்டில் ஓட்டினால் ஆறரை ஆம்பியர்தான் ஓடும். படகின் பேட்டரி 12 வோல்ட். அதே 1,500 வாட்டுக்கு 125 ஆம்பியர் வேண்டும். பேட்டரியிலிருந்து வின்ச்வரை கேபிள் 10 மீட்டர் என்றால் போகவும் வரவும் 20 மீட்டர் செம்பு. 10 சதுர மில்லிமீட்டர்க் கேபிள் பார்வைக்குத் தடிமனாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 20 மீட்டரில் 4.3 வோல்ட் காணாமல் போய்விடும். மோட்டாருக்கு 12இல் எட்டுக்குக் குறைவாகத்தான் போய்ச் சேரும். கேபிளோ 500 வாட்டுக்கு மேல் சூட்டைக் கக்கும். மரப்பலகைக்குப் பின்னால் மறைந்திருக்கும் கேபிள் அது. 50 சதுர மில்லிமீட்டருக்கு மாறினால் இழப்பு 0.86 வோல்ட்டாகக் குறைகிறது. அதுவும் 7 சதவீதம். நல்ல மின்பணியாளர் 3 சதவீதத்தைத் தாண்ட விடமாட்டார். இதே மோட்டாரை 24 வோல்ட்டில் எடுத்தால் மின்னோட்டம் பாதியாகி, அதே 50 சதுர மில்லிமீட்டர்க் கேபிளில் இழப்பு 2 சதவீதத்துக்குள் அடங்கும். பெரிய படகுகளில் 24 வோல்ட் வழக்கமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். செம்பிலும் வெள்ளீயம் பூசிய இழைகளையே வாங்க வேண்டும். உப்புக்காற்று பட்ட வெறும் செம்பு உள்ளுக்குள் கறுத்து, முனையில் தடையைக் கூட்டிக்கொண்டே போகும்.

இவ்வளவு ஆம்பியர் என்றதும் பேட்டரி காலியாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது வீண் பயம். பெரிய பாயை ஏற்ற, சராசரி 70 ஆம்பியர் என்று வைத்து ஒரு நிமிடம் ஓட்டினாலும் செலவு 1.2 ஆம்பியர்-மணிக்குள்தான். குளிர்ப்பெட்டி ஒரு நாளில் இதைப்போலப் பல மடங்கு குடிக்கும். பேட்டரியின் கொள்ளளவைவிடக் கம்பியின் தடிமனைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

அடுத்தது மேல்தளத்தில் ஓட்டை. கைவின்ச்சுக்கு ஐந்தாறு போல்ட் துளை போதும். மின்வின்ச்சுக்கு நடுவில் ஒரு பெரிய ஓட்டையும் வேண்டும்; மோட்டாரும் பற்சக்கரப் பெட்டியும் கீழே அறையின் கூரையிலிருந்து தொங்கும். படுக்கையில் எழுந்து உட்காருபவரின் தலை எங்கே வரும் என்று முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. பல ஃபைபர் படகுகளின் மேல்தளம் இரண்டு கண்ணாடியிழைத் தகடுகளுக்கு நடுவே பால்சா மரம் வைத்தது. அறுத்த விளிம்பில் தண்ணீர் கசிந்தால் பால்சா சத்தமில்லாமல் ஊறி அழுகும். அதனால் பழகியவர்கள் ஓர் ஆணியை வளைத்து டிரில்லில் மாட்டி, துளைக்குள் விட்டுச் சுழற்றி, இரண்டு தகடுகளுக்கும் நடுவிலுள்ள மரத்தை மட்டும் சுரண்டி எடுக்கிறார்கள். அந்த வெற்றிடத்தில் கெட்டியாகக் குழைத்த எபாக்ஸியை நிரப்பி, இறுகியபின் அதன் நடுவே மறுபடி துளை போடுகிறார்கள். போல்ட் இப்போது பிளாஸ்டிக்கைத்தான் நசுக்கும், மரத்தைத் தொடாது. நூற்றுக்கணக்கான கிலோ பக்கவாட்டு இழுப்பைப் பரப்பிவிட அடியில் ஓர் அலுமினியத் தகடும் உண்டு. இந்த வேலைக்கு இரண்டு நாள் கூடுதலாகப் பிடிக்கும், அவசரப்படுகிறவர்கள் இங்கேதான் கைவைக்கிறார்கள்.

கயிறு உருளைக்கு வரும் கோணமும் முக்கியம். சில டிகிரி கீழிருந்து மேல்நோக்கி வர வேண்டும். நேராகவோ மேலிருந்தோ வந்தால் ஒரு சுற்று இன்னொன்றின் மேல் ஏறிச் சிக்கிக்கொள்ளும். கையால் சுற்றும்போது சட்டென்று இறுகுவது தெரியும், நிறுத்திவிடுவோம். மோட்டார் நிறுத்தாது, சிக்கை மேலும் மேலும் இறுக்கும்.

மின்வின்ச்சின் உண்மையான ஆபத்து இதுதான். பாய் எங்காவது கொக்கியில் மாட்டிக்கொண்டால் கைப்பிடி திடீரென்று கனக்கிறது. அந்தக் கனம்தான் செய்தி. தோள் களைத்துப்போவதே ஒரு பாதுகாப்பு என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள், அது போன பிறகுதான் தெரிகிறது. பேட்டரியின் அருகிலுள்ள ஃபியூஸ் கேபிள் தீப்பிடிக்காமல் காக்கும். மோட்டாரின் பிரேக்கர் மோட்டாரைக் காக்கும். பாய்த்துணியையோ, கயிற்றுக்கும் உருளைக்கும் நடுவில் போன விரலையோ காக்க இரண்டுக்கும் தெரியாது. பளு மிஞ்சினால் தானே நின்றுவிடும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் சில மாடல்களில் உண்டு. ஆனால் விரல் அவற்றின் கணக்கில் பளுவே இல்லை.

அதனால்தான் பொத்தானை எங்கே வைப்பது என்று யோசிப்பதும் கேபிள் போடுவதற்குச் சமமான வேலையாகிறது. அழுத்துபவருக்கு உருளையும் பாயும் ஒருசேரத் தெரிய வேண்டும். யாருடைய முழங்காலாவது பட்டு மோட்டார் ஓடிவிடாதபடி பொத்தானுக்கு மூடி வேண்டும். வேலை இல்லாதபோது மின்சாரத்தை அடியோடு துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றும் வேண்டும். பாய்மர உச்சியில் பழுதுபார்க்க ஆளை ஏற்றும்போது அனுபவசாலிகள் இன்றும் கைப்பிடியைத்தான் தேடுகிறார்கள். உருளையின் தலையில் கயிற்றைத் தானே கவ்விப் பிடிக்கும் பல்வளையம் இருந்தாலும், பாயை ஏற்றும்போது அதில் மாட்டாமல் கயிற்றைக் கையிலேயே பிடிப்பவர்களும் உண்டு. காரணம் முன்னே சொன்ன பெருக்கல். ஏதாவது தப்பு நடந்தால் பிடியைத் தளர்த்தினால் போதும். மோட்டார் ஓடினாலும் கயிறு வழுக்கிவிடும்.

எல்லாம் சரி, இவ்வளவு பலம் எதற்குத் தேவைப்படுகிறது? 40 அடிப் படகின் பெரிய பாய் 25, 30 கிலோதான் இருக்கும். பாய்மரத்தில் 14 மீட்டர் ஏறினாலும், முக்கோணப் பாயின் எடை நடுவம் ஐந்து மீட்டருக்குள்தான் உயர்கிறது. அதற்கான ஆற்றல் சுமார் 1,400 ஜூல். பாயை ஏற்றும் அந்த ஒரு நிமிடத்தில் 12 வோல்ட்டில் 70 ஆம்பியர் என்று மோட்டார் வாங்குவதோ சுமார் 50,000 ஜூல். இழப்பில் ஒரு பங்கு மோட்டாரிலும் பற்சக்கரத்திலும் போகிறது, கொஞ்சம் கடைசியில் பாயின் விளிம்பை விறைப்பாக்கப் போகிறது. மீதி? உப்புப் படிந்த பாய்மரத் தடத்திலும், சுழல மறந்த கப்பிகளிலும், கயிறு மடங்கி மடங்கித் திரும்பும் ஒவ்வொரு மூலையிலும்.

ஆகவே மேல்தளத்தில் ரம்பத்தை வைப்பதற்கு முன் ஒரு வாளி நன்னீரும் தூரிகையும் எடுத்துக்கொண்டு தடத்தைக் கழுவி, மசகு தடவிப் பார்க்கலாம். பாயின் கொக்கிகளை உருளும் குண்டுகள் பொருத்திய சிறு வண்டிகளாக மாற்றினால் வித்தியாசம் முதல் இழுப்பிலேயே தெரியும். அதற்கும் தோள் ஒத்துவரவில்லை என்றால், பேட்டரியில் ஓடும் செங்கோண டிரில்லில் வின்ச் முனையை மாட்டிச் சுற்றுபவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஓட்டை வேண்டாம், தடித்த கேபிளும் வேண்டாம். பளு ஏறும்போது டிரில் மணிக்கட்டைத் திருகும், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும்.