கடன் அட்டைப் பாக்கியை ராஜியாகத் தீர்ப்பது எப்படி?

கடன் நமக்குப் புதியதன்று. பாவுக்கும் ஊடைக்கும் நூல் வாங்கவும், விதைக்கும் உரத்திற்கும் செலவிடவும் கடன் பெற்று, துணி விற்றபின் அல்லது அறுவடை முடிந்தபின் அதை அடைத்து வருவது நம் தொழில்களின் இயல்பு. அக்கடனுக்கு ஒரு நோக்கம் உண்டு. அடைக்கும் காலமும் உண்டு. ஆனால் அண்மைக் காலத்தில் நம் இல்லங்களில் வேறு வகைக் கடனொன்றும் புகுந்திருக்கிறது. அது சட்டைப்பையில் அடங்கும் கடன் அட்டை. மருத்துவச் செலவுக்கோ, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்திற்கோ, தறி நின்ற மாதத்தின் மளிகைக்கோ அது கைகொடுக்கிறது. தவணை தவறிய பின்னரே அதன் மறுபக்கம் தெரிகிறது.

பாக்கி பல மாதம் நின்றபின் ஒருநாள் தொலைபேசியில் ஒரு குரல், “பாதித் தொகை கட்டினால் கணக்கு முடிந்துவிடும், ஆனால் இன்றைக்கே கட்ட வேண்டும்” என்று கூறும். அதை நம்பி, மனைவியின் தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டிய ஒருவருக்குச் சில மாதங்களுக்குப் பின் மீதிப் பாதியைக் கேட்டு நோட்டீசு வந்தால் அவர் என்ன செய்வார்? காட்டுவதற்குக் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இராது. இந்த நிலை எவருக்கும் நேரலாகாது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடன் வளரும் விதம்

ஒரு நெசவாளரின் அட்டையில் ரூ. 60,000 பாக்கி நிற்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 3.5 சதவீதம் வட்டி என்பது இவ்வட்டைகளில் அரிதன்று. ஆண்டுக்கு அது 42 சதவீதமாகும். ஒரு மாத வட்டி ரூ. 2,100. அவ்வட்டியின்மேல் 18 சதவீதம் சரக்கு-சேவை வரி ரூ. 378. அவர் அம்மாதம் ரூ. 3,000 கட்டினாலும் அதில் ரூ. 2,478 வட்டிக்கும் வரிக்கும் போய்விட, அசலில் குறைவது ரூ. 522 மட்டுமே. நாள் தவறினால் தாமதக் கட்டணம் வேறு. “குறைந்தபட்சத் தொகை” கட்டி வந்தால் போதும் என்று எண்ணுவோர் பல ஆண்டுகள் கட்டியும் கரையேறாமைக்குக் காரணம் இதுதான்.

வட்டி மிகுதி என்ற வாதம் ஒன்றை மட்டும் நம்பி இருத்தல் ஆகாது. ஆண்டுக்கு 30 சதவீதத்திற்கு மேற்பட்ட அட்டை வட்டி முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. எனினும் ரிசர்வ் பாங்கு 2022-இல் வகுத்த விதிகள் நமக்குத் துணை நிற்கின்றன. கட்டாமல் நின்ற கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து அவற்றின்மேல் வட்டி போடலாகாது. கெடு நாளுக்குப்பின் மூன்று நாள் கடந்தாலன்றித் தாமதக் கட்டணம் விதிக்கலாகாது. பழைய மாதக் கணக்குத் தாள்களை இவ்விரு விதிகளையும் கொண்டு சரிபார்ப்பவர், பேரம் பேசுமுன்னரே சில தொகைகளைத் தட்டிக் கேட்கும் உரிமை பெறுகிறார்.

ராஜி சட்டம் ஏற்ற வழியே

குறைந்த தொகையைப் பெற்று முழுக் கடனையும் தீர்த்துவிட முடியுமா என்ற ஐயம் வேண்டுவதில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 63-ஆம் பிரிவில் இதைத் தெளிவாக அனுமதிக்கிறது. ஐயாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டியவர் இரண்டாயிரம் கொடுக்க, கடன் கொடுத்தவரும் முழுக் கடனுக்கும் ஈடாக அதை ஏற்றுக்கொண்டால், கடன் முழுவதும் தீர்ந்தது என்று அப்பிரிவே உதாரணம் காட்டுகிறது.

நம் மாகாணத்துக்கும் இவ்வெண்ணம் பழையதே. 1936-ஆம் ஆண்டுச் சட்டம் கடன் சமரச போர்டுகளுக்கு வழிசெய்தது. 1938-இல் ராஜாஜி மந்திரிசபை கொணர்ந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முற்பட்ட கடன்களில் 1937 அக்டோபர் 1 அன்று நின்ற வட்டிப் பாக்கியைத் தள்ளியது. அசலின் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொண்டது. அது சட்டம் அளித்த உரிமை. இன்றைய அட்டைக்கடன் ராஜியோ பாங்கின் இசைவைப் பொறுத்தது. கேட்கலாம், வற்புறுத்த இயலாது. ஆகவேதான் கேட்கும் முறையும், இசைவை எழுத்தில் பெறுதலும் இவ்வளவு முக்கியமாகின்றன.

பாங்கு ஏன் இறங்கி வருகிறது?

அட்டைக் கடனுக்கு ஈடு கிடையாது. நகையோ நிலமோ பாங்கின் கையில் இல்லை. குறைந்தபட்சத் தொகை 90 நாட்களுக்குள் முழுமையாகக் கட்டப்படாவிட்டால் அது வாராக்கடன் கணக்கில் சேர்கிறது. அதன்பின் வசூலுக்கு ஆளும் வழக்கும் செலவும் வேண்டும். வருவது ஐயமாக இருக்கும்போது, கைக்கு வரும் ஒரு தொகை பாங்குக்கும் நலமே.

ரிசர்வ் பாங்கு 2023 ஜூன் 8 அன்று இத்தகைய ராஜிகளுக்குப் பொது நெறியொன்றை வகுத்தது. நிர்வாகக் குழு ஏற்ற கொள்கைப்படியே தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். ராஜித் தொகை கட்டும் காலம் மூன்று மாதத்தைக் கடந்தால், அது கடன் மறுசீரமைப்பாகக் கருதப்படும். பாங்குகள் ஒரே தவணையையோ குறுகிய காலத்தையோ விரும்புவதன் காரணம் இதனால் விளங்கும். கையில் ரொக்கம் உள்ளவரின் பேச்சுக்கு எடை மிகுவதும் இதனாலேயே.

பேசுவதற்கு முன்

கணக்கு இன்னும் கெடாத நிலையில் இருப்பவர்கள் ராஜியை நாட வேண்டாம். பாக்கியைக் குறைந்த வட்டியுள்ள மாதத் தவணைக் கடனாக மாற்றித் தரும்படி முதலில் கேட்க வேண்டும். அதனால் கடன் முழுவதும் அடையும். பெயருக்கும் மாசு இல்லை. அதுவும் இயலாதவர்க்கே ராஜி.

ராஜிக்குச் செல்வோர் முதலில் பாக்கியை அசல், வட்டி, தாமதக் கட்டணம், வரி என்று நான்காகப் பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்து, குடும்பச் செலவும் தொழிற்செலவும் போக எவ்வளவு திரட்ட இயலும் என்று உண்மையாகக் கணக்கிட வேண்டும். கந்து வட்டிக்கு வாங்கி அட்டைக் கடனை அடைப்பது ஒரு குழியை மூட மற்றொரு குழி தோண்டுவதாகும். கட்டணமும் தாமத வட்டியும் முதலில், பின் வட்டி, இறுதியாக அசலில் ஒரு பகுதி என்ற வரிசையில் தள்ளுபடி கேட்பது முறை. தம்மால் இயன்ற உச்சத் தொகையை முதற்பேச்சிலேயே சொல்லிவிடுதல் கூடாது.

கோரிக்கையை எழுத்தில் அனுப்ப வேண்டும். கீழ்க்கண்ட மாதிரி போதுமானது.

“ஐயா, ………… என்று முடியும் எண்ணுள்ள எனது அட்டைக் கணக்கில் பாக்கி நிற்கிறது. நோய் காரணமாகத் தறி ஐந்து மாதம் நின்றுவிட்டபடியால் கட்ட இயலவில்லை. மருத்துவச் சான்றும் வருமான விவரமும் இணைத்துள்ளேன். முழுக் கணக்கின் தீர்வாக ரூ. ………… ஒரே தவணையில் செலுத்த முன்வருகிறேன். தங்கள் இசைவை எழுத்து மூலம் தெரிவித்தால், குறித்த நாளுக்குள் கட்டிவிடுவேன்.”

காரணம் உண்மையாகவும், சான்றுடனும் இருக்க வேண்டும். நூல் விலையேற்றம், பயிர்ச்சேதம் போன்றவற்றுக்கும் ரசீதும் சான்றும் இணைக்கலாம்.

முதலில் கடிதம், பின்பு காசு

இதுவே இக்கட்டுரையின் சாரம். பாங்கின் இசைவுக் கடிதம் கைக்கு வருமுன் ஒரு ரூபாயும் ராஜித் தொகையாகக் கட்டலாகாது. அக்கடிதத்தில் இருக்க வேண்டியவை:

1. கடன்பட்டவர் பெயரும் அட்டைக் கணக்கின் அடையாளமும்.
2. மொத்தப் பாக்கி, ஒப்புக்கொண்ட ராஜித் தொகை, கட்ட வேண்டிய இறுதி நாள்.
3. இத்தொகை முழுக் கணக்கின் தீர்வாகப் பெறப்படுகிறது என்றும், இனிக் கோரிக்கை எதுவும் இல்லை என்றும் தெளிவான வாசகம்.
4. கட்டியபின் பாக்கியில்லாச் சான்று அளிக்கப்படும் என்ற உறுதி.
5. வழக்கு இருப்பின் அதைத் திரும்பப் பெறுவது பற்றிய குறிப்பு.
6. பொறுப்புள்ள அதிகாரியின் பெயர், பதவி, கையொப்பம்.

மூன்றாவது வாசகம் இல்லாத கடிதம் ராஜிக் கடிதமன்று. அது வெறும் வசூல் கடிதம். பணத்தைப் பாங்கின் அட்டைக் கணக்கிலேயே செலுத்த வேண்டும்; வசூலுக்கு வருபவரின் சொந்தக் கைபேசி எண்ணுக்கு அனுப்பலாகாது. கடன் வேறு நிறுவனத்திற்கு விற்கப்பட்டதாகச் சொன்னால், அதற்கான ஆதாரத்தைக் கேட்டுப் பெற வேண்டும். இறுதி நாள் தவறினால் ராஜியே முறியக்கூடும். கையில் பணம் உறுதியில்லாமல் பின்தேதியிட்ட காசோலை கொடுப்பதும் தவறு. கடன் கட்ட இயலாமை குற்றமன்று; ஆனால் பணமின்றித் திரும்பும் காசோலைக்கு 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 138-ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

ராஜிக்கும் ஒரு விலை உண்டு

“சிபில்” என்று மக்கள் பொதுவாகக் கூறும் கடன் தகவல் அறிக்கையில், முழுதும் அடைத்த கணக்கு “குளோஸ்டு” என்றும், குறைத்துத் தீர்த்த கணக்கு “செட்டில்டு” என்றும் பதியும். இரண்டாவது சொல் பல ஆண்டுகள் நின்று, பிற்காலக் கடன் மனுக்களுக்கு இடையூறாகலாம். மேற்சொன்ன 2023 நெறிப்படி, ராஜி செய்த பாங்கு விவசாயக் கடன் அல்லாதவற்றில் குறைந்தது 12 மாதம் புதுக் கடன் அளிக்கலாகாது. விரைவில் வீட்டுக்கடனோ தறிக்கடனோ வேண்டியவர்கள் இதனை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

தவறியவர் என்று பதியப்பட்டிருந்தால், கணக்குத் தீர்ந்த 30 நாட்களுக்குள் அப்பதிவைப் பாங்கு திருத்த வேண்டும். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாக வழங்கும். அதைப் பெற்றுப் பதிவைச் சரிபார்த்தல் அவசியம்.

அஞ்ச வேண்டாதவை

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கலாகாது. மிரட்டலும், உறவினர் முன் இழிவுபடுத்தலும் விதிகளுக்கு மாறானவை. பாங்குக்கு எழுத்தில் புகார் செய்து, 30 நாட்களில் தக்க பதில் வராவிடில் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

“தறியைத் தூக்கிச் சென்றுவிடுவோம்” என்ற சொல்லுக்கும் நடுங்க வேண்டாம். நீதிமன்ற உத்தரவின்றி ஜப்தி இல்லை. தீர்ப்பு வந்தாலும், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு கைவினைஞரின் தொழிற்கருவிகளையும், விவசாயியின் உழவுக் கருவிகளையும், தொழிலுக்கு வேண்டிய மாடுகளையும் விதைத் தானியத்தையும் ஜப்தியினின்று விலக்கியுள்ளது.

மக்கள் நீதிமன்றத்தில் ராஜி செய்துகொள்வதும் நல்ல வழி. அங்குக் கட்டணமில்லை, அதன் முடிவு சிவில் தீர்ப்புக்கு நிகரானது, மேல்முறையீடும் இல்லை. ஆகவே கட்ட இயன்ற தொகைக்கே அங்குக் கையொப்பமிட வேண்டும். பெண்களும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெற மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

சங்கத்தின் பங்கு

பாக்கி வந்துவிட்டால் மனிதன் வெட்கத்தால் ஒதுங்குகிறான். ஒதுங்கியவனையே ஏமாற்றும் குரல் எளிதில் பிடிக்கிறது. முன்பணம் வாங்கிக்கொண்டு “கடனைத் தீர்த்துத் தருகிறோம்” என்போரிடம் செல்வதினும், கணக்குத் தாள்களோடு சங்கக் காரியதரிசியிடம் வருவது மேல். கடிதம் எழுதவும், வந்த கடிதத்தின் வாசகத்தை வாசித்துப் பார்க்கவும் இருவர் கூடினால் போதும். தனியொருவரால் தூக்க இயலாத சுமையைப் பலர் கைகொடுத்துத் தூக்குவதற்காகத்தானே நாம் சங்கம் கண்டோம்!